முதல் கோல்ஃப் பை: குழியிலிருந்து பின்னோக்கி வாங்குங்கள்

கோலாலம்பூரில் கோல்ஃப் ஆடத் தொடங்கும் நம்மவர்களுக்கு முதல் மட்டைகள் பெரும்பாலும் இரண்டு வழியில்தான் வந்து சேர்கின்றன. ஒன்று, மாமாவோ முதலாளியோ புது செட் வாங்கிவிட்டுப் பழையதைத் தூக்கிக் கொடுப்பது. இன்னொன்று, கடைக்குப் போனதும் அங்கே இருப்பவர் பளபளக்கும் டிரைவரை, அதாவது மிக நீண்ட தூரம் அடிக்கும் மட்டையை, முதலில் கையில் கொடுத்து, நாம் இரண்டு தடவை வீசிப் பார்ப்பதற்குள் முழு செட்டுக்கும் விலை சொல்லிவிடுவது. இரண்டு வழியிலும் உங்கள் உயரம் என்ன, வீச்சு எவ்வளவு வேகம், வாரத்துக்கு எத்தனை முறை ஆடப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நான் புதியவர்களுக்குச் சொல்வது ஒரே விஷயம்தான். மட்டை வாங்குவதைக் குழியில் ஆரம்பித்து, முதல் அடி அடிக்கும் இடமான டீயை நோக்கிப் பின்னால் வாருங்கள். முதலில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர், அப்புறம் கிட்டத்திலிருந்து தூக்கி அடிக்கும் வெட்ஜ், அப்புறம் நடுத்தூரத்துக்கான அயர்ன், அதற்குப் பிறகு அதைவிட நீண்ட தூரத்துக்கான ஹைப்ரிடும் உட்டும், எல்லாம் முடிந்து கடைசியில் டிரைவர். பணமும் கவனமும் இந்த வரிசையில் போனால் முதல் வருடத்தில் வீணாகும் காசு மிகவும் குறையும், ஆட்டமும் சீக்கிரம் பிடிபடும். பார் 72 என்று, அதாவது 18 குழிகளையும் 72 அடிகளில் முடிக்கும்படி ஒரு திடலை அமைக்கும்போதே ஒவ்வொரு கிரீனுக்கும் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) பட்டரால் இரண்டு அடி என்று கணக்கு வைக்கிறார்கள், ஆக 72 அடிகளில் 36 பட்டருக்கே போகிறது. டிரைவரை ஒரு ரவுண்டில் அதிகம் போனால் 14 முறைதான் எடுப்பீர்கள்.

பதினான்கு வேண்டாம், ஒன்பது போதும்

விதிப்படி ஒரு பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் இருக்கலாம். 1930-களில் சில ஆட்டக்காரர்கள் இருபதுக்கும் மேல் சுமந்துகொண்டு திரிந்ததால் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-இலும் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அதற்கடுத்த வருடமும் கொண்டுவந்த வரம்பு அது. குறைந்தபட்சம் இத்தனை இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பதினைந்தாவது மட்டை ஒன்று பையில் கிடந்தால் மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் ஒரு குழிக்கு 2 அடிகள் கூட்டித் தண்டனை, ஒரு ரவுண்டுக்கு அதிகபட்சம் 4 அடிகள், எனவே நண்பர் தன் வெட்ஜை உங்கள் பையில் சொருகிவிட்டுப் போனாரா என்று போட்டி நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியவருக்கு ஏன் 14 வேண்டாம் என்றால், அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு அயர்ன்களுக்கு இடையே லாஃப்ட் (மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) 4 டிகிரி அளவுக்குத்தான் மாறுகிறது. நன்றாக ஆடுபவருக்கு அந்த 4 டிகிரி ஏறக்குறைய 10 மீட்டர் தூர வித்தியாசத்தைக் கொடுக்கும். பந்தை இன்னும் மட்டையின் நடுவில் பிடிக்கத் தெரியாதவருக்கு ஒரே அயர்னில் அடிக்கும் இரண்டு அடிகளுக்கு இடையிலேயே 30 மீட்டர் வித்தியாசம் வரும், அந்த நிலையில் 10 மீட்டருக்கு ஒரு மட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குறைவான மட்டைகளோடு ஆடினால் ஒவ்வொன்றையும் அதிகம் அடிப்பீர்கள், எது எவ்வளவு போகும் என்பது சீக்கிரம் மனதில் நிற்கும்.

நான் சொல்லும் ஒன்பது இவை: ஒரு பட்டர், ஒரு சாண்ட் வெட்ஜ், 6-இலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை ஐந்து அயர்ன்கள், ஒரு 5 ஹைப்ரிட், ஒரு 5 உட் அல்லது 7 உட். இதைவிடக் குறைத்து 7, 9, பிட்சிங் வெட்ஜ் என்று மூன்று அயர்ன்களோடு ஆரம்பித்தாலும் நல்லதுதான், ஆனால் அயர்ன்களைச் செட்டாகத்தான் விற்கிறார்கள், தனித்தனியாகத் தேடினால் நேரம்தான் போகும்.

கடைக்குப் போகும் முன்

வீட்டிலேயே இரண்டு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் உயரம். இன்னொன்று, செருப்பில்லாமல் நேராக நின்று கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரை வரை எவ்வளவு என்பது, இதை வேறு யாராவதுதான் அளக்க வேண்டும், நீங்களே குனிந்தால் அளவு மாறிவிடும். இந்த மணிக்கட்டு அளவு ஏறக்குறைய 34 முதல் 37 அங்குலத்துக்குள் இருந்தால் ஆண்களுக்கான வழக்கமான நீளம் சரியாக வரும். அதற்குக் கீழே என்றால் அரை அங்குலம் குறைத்த மட்டைகள் வேண்டியிருக்கலாம், மேலே என்றால் நீட்டியவை. உயரம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், கை நீளமாக இருக்கும் உயரமானவருக்கு வழக்கமான நீளமே பொருந்தும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ‘லேடீஸ் செட்’ என்று ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அந்தச் செட்டுகள் வழக்கமாக ஓர் அங்குலம் குட்டையாகவும் மிக இளக்கமான ஷாஃப்டோடும் (மட்டையின் நீண்ட தண்டு) வருகின்றன, உயரமும் பலமும் உள்ள ஒரு பெண்ணுக்கு, பள்ளியில் நெட்பால், பூப்பந்து என்று ஆடி வளர்ந்தவருக்கு, அது கையில் நிற்காது. அதேபோல மெலிந்த உடலும் மெதுவான வீச்சும் உள்ள ஆணுக்கு சற்று இளக்கமான சீனியர் ஷாஃப்ட் மிக நன்றாக வேலை செய்யும், ‘சீனியர்’ என்ற பெயருக்குக் கூச்சப்பட்டு அதைத் தவிர்க்க வேண்டாம்.

பட்டர்

ஷாஃப்டின் நடுப்பகுதியை உங்கள் விரலின் மேல் படுக்கவைத்து மட்டை எப்படிச் சாய்கிறது என்று பாருங்கள். முகம் வானத்தைப் பார்த்து நின்றால் அது நேர்கோட்டில் முன்னும் பின்னும் தள்ளுபவர்களுக்கு. நுனி கீழே தொங்கினால் சற்று வளைவாக இழுத்து அடிப்பவர்களுக்கு. உங்கள் பாணி என்னவென்று இன்னும் தெரியாதென்றால், தலை பெரிதாகவும் மேலே நீளமான கோடு வரைந்தும் இருக்கும் மாலட் வகையை எடுங்கள். பெரிய தலையில் எடை ஓரங்களுக்குப் பரவியிருப்பதால் பந்து நடுவில் படாவிட்டாலும் முகம் அவ்வளவு திரும்பாது.

இந்த எடையை ஓரத்துக்குத் தள்ளும் யோசனையைப் பரப்பியவர் கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்தவர். 1959-இல் அவர் செய்த முதல் பட்டர் பந்தை அடிக்கும்போது ‘பிங்’ என்று ஒலித்ததால்தான் அந்தக் கம்பெனிக்கே பிங் என்று பெயர் வந்தது. இன்று புதியவர்களுக்கு விற்கும் அயர்ன்களின் முதுகு குழிவாக இருப்பதற்கும் காரணம் அதே யோசனைதான்.

நீளம் 33, 34, 35 அங்குலங்களில் கிடைக்கும். அடிக்க நிற்கும்போது உங்கள் கண் பந்துக்கு நேர் மேலேயோ அதற்குக் கொஞ்சம் உள்ளேயோ இருக்க வேண்டும், நம் ஆண்களில் பலருக்கு 34 போதும், 35 வாங்கிவிட்டுக் கையைக் கீழே இறக்கிப் பிடித்து ஆடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்குள்ள பெர்முடா வகைப் புல் கிரீன்களில் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்வதால் அதற்கு எதிராகப் போகும் பந்து சட்டென்று நின்றுவிடும், ஆகவே தலை கொஞ்சம் கனமான பட்டர் எனக்குப் பிடிக்கும். ஆனால் பட்டர் விஷயத்தில் கண்ணுக்குப் பிடித்திருப்பதும் முக்கியம், கீழே வைத்துப் பார்த்ததும் அது நேராக நிற்பதாகத் தோன்றவில்லையென்றால் எவ்வளவு நல்ல பெயர் பொறித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சாண்ட் வெட்ஜ்: நம் ஊர் மண்ணைப் பார்த்து வாங்குங்கள்

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வெட்ஜ் வாங்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் மதியத்துக்குமேல் இடியோடு கொட்டும் மழையை எல்லோரும் அறிவோம், இடிச் சங்கு ஊதியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டும், திரும்பி வரும்போது களிமண் தரை ஊறிப்போயிருக்கும். நம் திடல்கள் பலவற்றில் ஃபேர்வேயில் (டீயிலிருந்து கிரீன் வரையுள்ள புல்தரையில்) இருப்பது கவ் கிராஸ் என்கிற அகல இலைப் புல். வெட்டிய இடத்தில் பந்து அதன்மேல் அழகாக உட்காரும், வெட்டாத இடத்தில் பந்து அடியில் போய்ப் புதைந்துகொள்ளும், ஈரமாக இருந்தால் புல் மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிடும்.

இங்கேதான் பவுன்ஸ் என்ற எண் வருகிறது. வெட்ஜின் அடிப்பாகத்தின் பின் விளிம்பு முன் விளிம்பைவிட எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதைச் சொல்லும் கோணம் அது, மட்டையில் லாஃப்ட்டுக்குப் பக்கத்தில் ‘56.12’ என்பது போலப் பொறித்திருப்பார்கள், முதல் எண் லாஃப்ட், அடுத்தது பவுன்ஸ். பவுன்ஸ் 4, 6 என்று குறைவாக இருந்தால் முன் விளிம்பு கூர்மையாகத் தரையில் இறங்கும், காய்ந்து இறுகிய தரைக்கு அது நல்லது, ஈரக் களிமண்ணில் புதியவர் கையில் இருந்தால் பந்துக்கு முன்னாலேயே மண்ணைத் தோண்டி நின்றுவிடும். 10-க்கு மேல் இருந்தால் அடிப்பாகம் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். பங்கரில் (மணல் குழியில்) மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது, மழைக்குப் பிறகு மணல் இறுகிக் கெட்டியாகிவிடும், அதில் பவுன்ஸ் மிக அதிகமாக இருந்தால் மட்டை எகிறிப் பந்தின் தலையில் படும். இரண்டுக்கும் நடுவில் 54 அல்லது 56 டிகிரி லாஃப்ட், 10 முதல் 12 பவுன்ஸ், அகலமான அடிப்பாகம், இதுதான் நம் ஊருக்கு என் தேர்வு. பங்கருக்கென்று அடிப்பாகம் தடித்த வெட்ஜை உருவாக்கிப் புகழ்பெறச் செய்தவர் ஜீன் சராசன், அதை வைத்துக்கொண்டுதான் 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார், அவர் கண்ட தத்துவம் இன்றும் மாறவில்லை.

வெட்ஜை ரேஞ்சில் (அடித்துப் பழகும் இடத்தில்) பாயின் மேல் அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடித்தாலும் பாய் மட்டையை வழுக்கவிட்டுப் பந்தை நன்றாகத்தான் அனுப்பும், திடலில் அதே அடி மண்ணைத்தான் பெயர்க்கும். கொஞ்சம் புல் இருக்கும் இடத்தில் நான்கு பந்து அடிக்க விடும் பயிற்சியாளரிடம் போய் இரவல் வாங்கிப் பாருங்கள்.

60 டிகிரி லாப் வெட்ஜ் இப்போது வேண்டாம். அதை வைத்துக்கொண்டு கிரீன் ஓரத்தில் பந்தை வானத்துக்கு அனுப்பும் ஆசை எல்லோருக்கும் வரும், ஒரு வருடம் கழித்து வரட்டும்.

அயர்ன்கள்

அதிகப் பணம் இங்கேதான் போகிறது, போகவும் வேண்டும். கேம் இம்ப்ரூவ்மென்ட் என்று கடையில் சொல்லும் வகையைக் கேளுங்கள்: முதுகு குழிந்து, அடிப்பாகம் அகன்று, மேல் விளிம்பு தடித்து இருக்கும். பிளேடு எனப்படும் மெல்லிய அயர்ன்கள் பார்க்க மிக அழகு, ஆனால் அவற்றில் நடுவில் படாத பந்து தூரம் போகாது, கையும் வலிக்கும்.

இதை வார்த்தையில் சொல்வதைவிடச் செய்து காட்டினால் உடனே புரியும். என் மச்சான் ஒருவர், முதலாளி கொடுத்த பழைய பிளேடு செட்டோடு ரேஞ்சுக்கு வந்தார், ஸ்டிஃப் எனப்படும் இறுக்கமான ஸ்டீல் ஷாஃப்ட், 3 அயர்னிலிருந்து எல்லாம் இருந்தது. 4 அயர்னின் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த முகப்பவுடரை லேசாகத் தட்டி அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு அடிக்கும் பந்து பட்ட இடத்தில் பவுடர் போய் வட்டமாகத் தெரியும். வட்டங்கள் நுனி ஓரத்தில் இரண்டு, கீழ் விளிம்பில் இரண்டு, கழுத்துப் பக்கம் ஒன்று என்று சிதறிக் கிடந்தன, ஒன்றுகூட நடுவில் இல்லை. பந்து எதுவும் இடுப்புக்கு மேல் எழவில்லை. “மச்சான், இது வளையவே மாட்டேங்குது, கடப்பாரை மாதிரி இருக்கு” என்றார். பக்கத்துக் கட்டத்தில் இருந்தவரிடம் கேட்டு, குழிந்த முதுகும் ரெகுலர் ஷாஃப்டும் உள்ள 7 அயர்னை வாங்கிக் கொடுத்தேன். வட்டங்கள் அப்போதும் சிதறித்தான் இருந்தன, ஆனால் பந்து எழுந்தது, திசையும் ஓரளவுக்கு நின்றது. வீச்சு மாறவில்லை, ஆள் மாறவில்லை, மட்டை மட்டும்தான் மாறியது.

3, 4 அயர்ன்களை ஏன் பையில் வைக்கக் கூடாது என்பதற்கும் பதில் அதிலேயே இருக்கிறது. லாஃப்ட் குறைந்த மட்டையில் பந்து எழ வேண்டுமென்றால் வீச்சுக்கு வேகம் வேண்டும், வேகம் இல்லாதவர் 4 அயர்னில் அடித்த பந்தும் 7 அயர்னில் அடித்த பந்தும் ஒரே இடத்தில் போய் விழும், சில சமயம் 7 அதிகம் போகும்.

ஷாஃப்ட்டுக்கு வருவோம். ஏறக்குறைய ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 7 அயர்னில் பந்து காற்றில் 110 மீட்டருக்குள் விழுந்தால் சீனியர் அல்லது லேடீஸ் ஷாஃப்ட், 110 முதல் 135 வரை ரெகுலர், அதற்கு மேல் போனால்தான் ஸ்டிஃப். இந்தப் பெயர்களுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது, ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் அளவுக்கு இறுக்கமாக இருக்கும், ஆகவே எழுத்தை நம்பாமல் அடித்துப் பாருங்கள். கிராஃபைட்டா ஸ்டீலா என்ற கேள்விக்கு, நம் வெயிலில் ஆடும் புதியவருக்கு நான் கிராஃபைட்டையே சொல்வேன். ஸ்டீல் ஷாஃப்ட் 90 கிராமிலிருந்து 130 வரை எடை, அயர்னுக்கான கிராஃபைட் பெரும்பாலும் 50-இலிருந்து 80-க்குள். முதல் ஐந்து குழியில் வித்தியாசம் தெரியாது, ஈரக்காற்றில் வியர்த்துக் களைத்து 15-ஆம் குழிக்கு வரும்போது தெரியும். முழங்கையில் வலி உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இளைஞர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள், ஸ்டீலிலேயே ஆரம்பிக்கலாம், பழைய செட்டுகளில் விலையும் குறைவு.

மட்டை தரையில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பந்தின் மேல் மார்க்கர் பேனாவால் தடிமனாக ஒரு கோடு போட்டு, கோடு செங்குத்தாக மட்டையைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். மட்டையின் முகத்தில் கோடு பதியும். நேராக நின்றால் சரி. கோட்டின் மேல்முனை நுனிப் பக்கம் சாய்ந்தால் உங்களுக்கு மட்டை நிமிர்ந்து நிற்கிறது, வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். கழுத்துப் பக்கம் சாய்ந்தால் மட்டை படுத்திருக்கிறது, பந்து வலப்பக்கம் போகும். இந்தக் கோணத்தை வளைத்துச் சரிசெய்து கொடுக்கும் கடைகள் இங்கே இருக்கின்றன. குட்டையானவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும், பல மாதம் வீச்சைத் திருத்திக்கொண்டிருப்பார்கள், தவறு மட்டையின் கோணத்தில் இருக்கும்.

இன்னொன்று, பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட்டைக் கேளுங்கள். பழைய செட்டுகளில் அது 47, 48 டிகிரி. புதிய செட்டுகளில் தூரம் அதிகம் போகிறது என்று காட்டுவதற்காக 43, 44 வரை இறக்கிவிட்டார்கள். 44-க்கும் 56-க்கும் நடுவே 12 டிகிரி ஓட்டை விழுகிறது, அதுவும் 70, 80 மீட்டரில், அதாவது நீங்கள் அடிக்கடி நிற்கும் இடத்தில். செட்டோடு ‘ஏ’ அல்லது ‘ஜி’ என்று பொறித்த கேப் வெட்ஜ் வந்தால் அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், ஒன்பது பத்தாகட்டும். வராவிட்டால் சாண்ட் வெட்ஜை 54-ஆக எடுங்கள்.

ஹைப்ரிடும் உட்டும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 24, 25 டிகிரி அளவுள்ள 5 ஹைப்ரிட் ஒன்று, ஈரமான ரஃப்பில் (வெட்டாமல் வளரவிட்ட புல்லில்) அயர்ன் மாட்டிக்கொள்ளும் இடத்தில் இதன் உருண்ட தலை புல்லைப் பிளந்துகொண்டு வரும். அதற்கு மேல் 18 டிகிரி 5 உட் அல்லது 21 டிகிரி 7 உட். வீச்சு மெதுவாக இருந்தால் தயங்காமல் 7 உட். 15 டிகிரி 3 உட்டைப் புதியவருக்கு யார் பரிந்துரைத்தாலும் நான் மறுப்பேன், தரையில் கிடக்கும் பந்தை அதில் தூக்குவது டீயில் வைத்த பந்தை டிரைவரால் அடிப்பதைவிடக் கடினம்.

டிரைவர் எப்போது

ஐந்தாறு மாதம் கழித்து. அதுவரை முதல் அடிக்கு, டீ எனப்படும் சிறு ஆணியின் மேல் பந்தை வைத்து 5 உட்டால் அடியுங்கள். டிரைவர்தான் பையிலேயே நீளமான மட்டை, லாஃப்ட்டும் குறைவு, பந்து பக்கவாட்டில் சுழலுவதும் அதில்தான் அதிகம். தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி, கடையில் இருக்கும் பெரும்பாலானவை அந்த எல்லையில்தான் நிற்கின்றன, அதனால் தலை பெரியது என்று யாராவது விற்க வந்தால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது லாஃப்ட்: 9 டிகிரி வேண்டாம், 10.5-க்குக் குறையாமல், முடிந்தால் 12. நம் பகுதியில் பல திடல்களில் இரண்டு பக்கமும் நீர், செம்பனை மரம், வீடு என்று இருக்கும், 20 மீட்டர் குறைவாகப் போனாலும் புல்லில் விழும் பந்துக்குத்தான் மதிப்பு.

புதிதா, பழையதா

முதல் செட்டைப் பழையதாக வாங்குங்கள். முடா, கரோசல் ஆகிய இரண்டு இணைய விற்பனைத் தளங்களிலும் தினமும் வருகின்றன, கடைகளிலும் டிரேட்-இன் மட்டைகள் ஒரு மூலையில் இருக்கும். கையில் 2000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1000 அயர்ன்களுக்கு, 400 பட்டருக்கும் வெட்ஜுக்கும், 400 ஹைப்ரிடுக்கும் உட்டுக்கும், மீதி 200-ஐத் தொடாமல் கிரிப் (கைப்பிடி) மாற்றவும் கையுறை வாங்கவும் வைத்துக்கொள்ளுங்கள். இடக்கைக்காரர்களுக்குப் பழைய மட்டை கிடைப்பது அரிது, அவர்கள் பொறுமையாகத் தேட வேண்டும், அல்லது புதிய ஆரம்பச் செட் ஒன்றை எடுத்துவிடலாம்.

நேரில் போய்ப் பாருங்கள், படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம். அயர்ன்களை வரிசையாகச் சுவரில் சாய்த்து வையுங்கள். எண் ஏற ஏற ஷாஃப்ட் அரை அங்குலமாகக் குறைந்துகொண்டே போக வேண்டும், ஒன்று மட்டும் படி தவறி நின்றால் அது உடைந்து மாற்றியது. முகத்தின் கோடுகளில் நகத்தை ஓட்டினால் நகம் தட்ட வேண்டும், வழுக்கிப் போனால் தேய்ந்துவிட்டது. தலையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது கலகலத்தால் வேண்டாம். ஸ்டீல் ஷாஃப்டில் துருப் புள்ளி, கிராஃபைட்டில் முடி மாதிரி வெடிப்பு, தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் உள்ள கறுப்பு வளையத்தில் இடைவெளி, இவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். போலி மட்டைகள் இங்கேயும் புழங்குகின்றன. பெயர்பெற்ற கம்பெனியின் போன வருட மாடல் பாதி விலைக்கும் கீழே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடைத்தால் சந்தேகப்படுங்கள், கழுத்தில் பொறித்த எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பிக் கேட்கலாம்.

கிரிப் பற்றி யாரும் பேசுவதில்லை, நம் ஊரில் அது பாதி ஆட்டம். பழைய செட் வாங்கியதும் கிரிப் பளபளவென்று இறுகிப்போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், வியர்த்த கையில் வழுக்கும் மட்டையை இறுக்கிப் பிடித்தே பலருக்கு வீச்சு கெட்டுப்போகிறது. அளவு சரியா என்று பார்க்க, வலக்கைக்காரர்கள் இடக்கையால் பிடிக்கும்போது நடு இரண்டு விரல்களின் நுனி உள்ளங்கையின் சதையை லேசாகத் தொட வேண்டும். ஆழமாகக் குத்தினால் கிரிப் மெலிது, தொடவே இல்லையென்றால் தடிமன். நூல் கலந்த ரப்பர் கிரிப் ஈரத்திலும் பிடிக்கும், ஆனால் கையைக் கொஞ்சம் உராயும், அதனால் மேல் பாதியில் மட்டும் நூல் உள்ளதை எடுங்கள். பையில் கையுறை இரண்டு வையுங்கள், ஒன்பது குழிக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டு மற்றதைக் காயவிடலாம்.

பை எடை குறைந்த ஸ்டாண்ட் பையாக இருக்கட்டும், மழை மூடி அவசியம். கோலாலம்பூர் திடல்கள் பலவற்றில் பக்கி எனப்படும் சிறு வண்டியில்தான் போவோம் என்றாலும் ரேஞ்சுக்கும் வீட்டுக்கும் காருக்கும் தூக்குவது நீங்கள்தான். காரின் பின்பெட்டியில் நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கிரிப் காய்ந்து வெடிக்கும், தலையை ஒட்டியிருக்கும் பசையும் தளரும். மழையில் நனைந்த நாள் வீட்டுக்கு வந்ததும் மட்டைகளை வெளியே எடுத்துத் துடைத்து, பையைத் திறந்து மின்விசிறியடியில் வையுங்கள். ஸ்டோர் ரூமில் அப்படியே மூடிவைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

ஆடத் தொடங்கிய பிறகு

ஒவ்வொரு ரவுண்டிலும் எந்த மட்டை எத்தனை மீட்டர் போகிறது என்று கைத்தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். சில திடல்களில் தூரப் பலகை மீட்டரில் இருக்கும், சிலவற்றில் யார்டில், 150 மீட்டர் என்பது 164 யார்டு, கலந்து எழுதினால் குறிப்பு பயன்படாது. ரேஞ்சில் வரும் தூரத்தை எழுத வேண்டாம், தேய்ந்த ரேஞ்சுப் பந்துகள் குறைவாகத்தான் போகும். சில மாதத்தில் இரண்டு மட்டைகளுக்கு நடுவில் 25 மீட்டர் இடைவெளி ஒன்று திரும்பத் திரும்பத் தொந்தரவு கொடுப்பது தெரியும், அந்த இடத்தை நிரப்பும் மட்டையை மட்டும் தேடி வாங்குங்கள். பையை விட்டு வெளியே வராத மட்டை எது என்பதும் அதே குறிப்பில் தெரியும், அதை விற்றுவிடலாம். ஹைப்ரிட், உட், டிரைவர் எது வாங்கினாலும் அதன் தலையுறையையும், லாஃப்ட் மாற்றும் வகையென்றால் அதற்குரிய திருகுச்சாவியையும் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் நீங்கள் விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.